காரணம் தெரிந்த பின்னும் நான் ஏன் மாறவில்லை? ஆழ்மன உளச்சிகிச்சையில் தன்னறிதலும் மாற்றமும்

தேடல் எழுதியது:

வணக்கம். இங்கே நடக்கும் விவாதங்களை நெடுநாளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. சில ஆண்டுகளாக ஆழ்மன உளச்சிகிச்சைக்கு, அதாவது நாம் அறியாமல் நம்மை இயக்கும் உணர்வுகளைப் பேசிப் புரிந்துகொள்ள முயலும் சிகிச்சைக்கு, சென்றுகொண்டிருக்கிறேன். என்னை அங்கே கொண்டுசென்றது ஒரே ஒரு தொல்லைதான். யாராவது என்னிடம் நெருங்கி வந்து என்னை முழுமையாக நம்பத் தொடங்கும் வேளையில் நான் அவர்களிடமிருந்து விலகிவிடுகிறேன். சண்டை எதுவும் போடுவதில்லை. பதில் எழுதத் தாமதிப்பேன், சந்திப்பைத் தள்ளிப்போடுவேன், அதுவரை கண்ணில் படாத அவர்களுடைய சிறு குறைகள் திடீரெனப் பெரிதாகத் தெரியத் தொடங்கும். சில மாதங்களில் உறவு தானாகவே உலர்ந்துவிடும்.

இதன் காரணம் எனக்குத் தெரியும். சிறுவயதில் எனக்குக் கிடைத்த அன்பு நிபந்தனையோடு வந்தது. நல்ல மதிப்பெண் பெற்ற நாளில் அருகில் அமர்த்திக்கொண்ட தந்தை, மதிப்பெண் குறைந்தால் நாள்கணக்கில் என்னோடு பேசமாட்டார். ஆகவே, நெருக்கத்துக்குப் பின்னால் ஒரு தண்டனை காத்திருக்கிறது என்று எனக்குள் ஏதோ ஒன்று உறுதியாக நம்புகிறது. அந்தத் தண்டனை வருமுன் நானே எழுந்து போய்விடுகிறேன். இதை நானும் என் சிகிச்சையாளரும் சேர்ந்து கண்டடைந்தோம். கேட்பவர்கள் வியக்கும் அளவுக்கு இதை என்னால் தெளிவாக விளக்க முடியும்.

ஆனாலும் நான் மாறவில்லை. விலகும்போதே, நான் விலகுகிறேன் என்பதும் ஏன் விலகுகிறேன் என்பதும் தெரிகிறது, கால்கள் நிற்பதில்லை. தன்னைப் புரிந்துகொண்டால் மாற்றம் வரும் என்பது உண்மையானால் எனக்கு ஏன் வரவில்லை? உண்மையில்லை என்றால், இத்தனை காலம் நாங்கள் செய்ததற்கு என்ன பொருள்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுபக்கம் எழுதியது:

உங்கள் கேள்வியிலேயே பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. புரிதல் மாற்றத்தைத் தராது. பழக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் பழக்கத்தின் மீதுதான் வேலை செய்ய வேண்டும். அதன் வேரைத் தோண்டிப் பார்ப்பது ஆர்வத்தைத் தணிக்குமே தவிர வேறெதையும் செய்யாது. என் காரணங்களைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

நெடுவழி எழுதியது:

நான் இந்தத் துறையில் சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன். உங்களைச் சந்திக்காமல் உங்களைப் பற்றி முடிவு சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்கள் கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்தத் துறை பிறந்த நாளிலிருந்தே அதைத் துரத்திவரும் கேள்வி இது.

1893-இல் மருத்துவர் ப்ராயரும் இந்தத் துறையைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டும் வெளியிட்ட முதல் கூட்டுக் கட்டுரையிலேயே இதற்கான எச்சரிக்கை இருக்கிறது. மறந்துபோன நிகழ்ச்சியை நோயாளி நினைவுகூர்ந்தால் மட்டும் போதாது, அந்த நிகழ்ச்சியோடு ஒட்டியிருந்த உணர்ச்சியும் உடன் எழ வேண்டும், உணர்ச்சியற்ற நினைவுகூரல் பெரும்பாலும் எந்தப் பயனும் தராது என்று அவர்கள் குறிப்பிட்டார்கள். 1910-இல் ஃப்ராய்டு இன்னும் கடுமையாகச் சொன்னார்: நோயாளிக்கு அவருடைய நனவிலி மனத்தைப் பற்றித் தகவல் கொடுப்பது, பஞ்ச காலத்தில் பசித்தவர்களுக்கு உணவுப் பட்டியலை விநியோகிப்பது போன்றது. எனவே, தகவல் குணமாக்கும் என்று ஆழ்மன உளச்சிகிச்சை வாக்குறுதி கொடுத்ததாக நினைக்க வேண்டாம். அதன் தொடக்கநிலைக் கட்டுரைகளே அந்த எண்ணத்தை மறுத்திருக்கின்றன.

அப்படியானால் எந்தப் புரிதல் மாற்றுகிறது? நீங்கள் எழுதியதை மீண்டும் வாசித்துப் பாருங்கள். தந்தையைப் பற்றிய பத்தி மிகவும் செம்மையாக இருக்கிறது. அதில் ஒரு விரிசல்கூட இல்லை. அந்தச் சிறுவன் அந்த மௌன நாட்களில் என்ன உணர்ந்தான் என்பது மட்டும் அதில் இல்லை. அவன் பயந்தானா, கோபப்பட்டானா, அந்தக் கோபத்துக்காக வெட்கப்பட்டானா என்று வாசிப்பவருக்குத் தெரிவதில்லை. உணர்ச்சியின் சூட்டிலிருந்து தப்புவதற்காக அதைக் கருத்தாக மாற்றிக் கையாளும் வழக்கத்தை ஃப்ராய்டின் மகளான ஆனா ஃப்ராய்டு 1936-இல் வளரிளம் பருவத்தினரிடம் விரிவாக விவரித்தார். வளர்ந்தவர்களிடமும் அது நிறையக் காணப்படுகிறது. தெளிவான விளக்கமே ஒரு தற்காப்பாக வேலை செய்யக்கூடும். விளக்கிக்கொண்டிருக்கும் வரையில் எவரும் உங்களை நெருங்க முடியாது, உங்கள் சிகிச்சையாளர் உட்பட. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் உங்களைக் காப்பாற்றிய திறமைதான் இன்று சிகிச்சை அறைக்குள்ளும் உங்களோடு வந்து அமர்ந்திருக்கிறது என்று எண்ணுகிறேன்.

இன்னொன்று. உங்கள் கண்டுபிடிப்பு முழுவதும் அறைக்கு வெளியே நடந்தவற்றைப் பற்றியது: தந்தை, நண்பர்கள், பழைய உறவுகள். உளப்பகுப்பாய்வாளர் ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி 1934-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், எந்த விளக்கம் மாற்றத்தை உண்டாக்குகிறது என்ற கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டார். நோயாளி தன் பழைய எதிர்பார்ப்பைச் சிகிச்சையாளர் மீது அந்தக் கணத்தில் ஏற்றிக் காண்கிறார். அந்த உணர்ச்சி உயிரோடு இருக்கும்போதே அது சுட்டப்படுகிறது. தான் எதிர்பார்த்த கொடுமையாளருக்கும் எதிரில் உண்மையாக அமர்ந்திருப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை நோயாளி தானே உணர்கிறார். இந்த மூன்றும் ஒன்றுசேரும்போது மட்டுமே, அதுவும் சிறு சிறு அளவுகளில்தான், மாற்றம் நிகழ்கிறது என்பது அவருடைய வாதம். என் அனுபவமும் அதை ஒட்டியே இருக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். பதிலை இங்கே எழுத வேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகளில் உங்கள் சிகிச்சையாளரிடமிருந்து எப்போது விலகினீர்கள், அதைப் பற்றி அவரிடம் பேசியிருக்கிறீர்களா?

மறுபக்கம் எழுதியது:

நெடுவழி அவர்களின் பதிலை மதிக்கிறேன். ஆனால் இந்த வகைப் பதிலில் எப்போதும் ஓர் ஆபத்து இருக்கிறது. புரிதல் மாற்றத்தைத் தந்தால் கோட்பாடு சரி. தரவில்லை என்றால் அது மெய்யான புரிதல் அல்ல, வெறும் அறிவுப் புரிதல் என்று சொல்லிவிடலாம். மாற்றம் வந்ததா என்பதை வைத்துத்தான் புரிதல் மெய்யானதா என்று தீர்மானிக்கிறோம் என்றால், புரிதல் மாற்றத்தைத் தருகிறது என்ற கூற்றை ஒருபோதும் சோதிக்க முடியாது.

இரண்டாவதாக, மனிதர்கள் தங்கள் செயலுக்குச் சொல்லும் காரணங்களை எந்த அளவுக்கு நம்பலாம்? 1977-இல் உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. வரிசையாக வைக்கப்பட்ட, உண்மையில் ஒரேமாதிரியான காலுறைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மக்கள் மற்றவற்றைவிட வலது ஓரத்தில் இருந்ததையே அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டால் நெய்த விதம், தரம் என்று பேசினார்கள். இருந்த இடம் காரணமாக இருக்குமா என்று கேட்டதற்கு இல்லை என்றார்கள். ஒரு காலுறைக்கே இந்த நிலை என்றால், முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றுதான் என் இன்றைய நடத்தைக்குக் காரணம் என்று ஒருவர் எவ்வாறு உறுதியாகச் சொல்ல முடியும்? மெய்யியலாளர் அடால்ஃப் க்ரூன்பாம் 1984-இல் இதே கேள்வியைத் துறையின் அடித்தளத்தின் மீதே வைத்தார். சிகிச்சையாளரின் எதிர்பார்ப்புகள் நோயாளியின் நினைவுகளுக்கும் விளக்கங்களுக்கும் உருவம் கொடுக்கக்கூடும் என்பதால், சிகிச்சை அறையில் கிடைக்கும் ஒப்புதலைச் சான்றாகக் கொள்ள முடியாது என்றார் அவர். தேடல் அவர்களின் தந்தைக் கதை உண்மையாக இருக்கலாம். இருவருக்கும் நிறைவளித்த ஒரு கதையாகவும் இருக்கலாம்.

அளவுகோல் எழுதியது:

நான் உளச்சிகிச்சை ஆய்வுகளை வாசிப்பதைத் தொழிலாகக் கொண்டவன். மறுபக்கம் அவர்கள் எழுப்பிய முதல் சிக்கலுக்கு ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: புரிதலையும் நலத்தையும் தனித்தனியாக, வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு நபர்களைக் கொண்டு அளப்பது.

இதற்கு மிக நேர்த்தியான எடுத்துக்காட்டு ஆஸ்லோவில் பெர் ஹோக்லெண்டின் குழு நடத்திய ஆய்வு. நூறு நோயாளிகளைச் சீரற்ற முறையில் இரண்டாகப் பிரித்து, ஓராண்டுக்கு வாரம் ஒருமுறை இருசாராருக்கும் ஆழ்மன உளச்சிகிச்சை அளித்தார்கள். ஒரு சாராருக்கு, சிகிச்சையாளருக்கும் நோயாளிக்கும் இடையில் நடப்பதைப் பற்றிய விளக்கங்கள் அளிக்கப்பட்டன. மறுசாராருக்கு அவை மட்டும் தவிர்க்கப்பட்டன. சராசரியில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால், நிலையான, பரஸ்பர உறவுகளை வாழ்வில் அதிகம் அறியாதவர்களுக்கு அத்தகைய விளக்கங்கள் கூடுதல் பயன் தந்தன. சிகிச்சை முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்தும் அந்த வேறுபாடு நீடித்தது. அந்தக் கூடுதல் பயன் எதன் வழியாக வந்தது என்று 2010-இல் வெளிவந்த பகுப்பாய்வில் ஆராய்ந்தபோது, தன்னறிதல் உயர்ந்ததன் வழியாக வந்தது என்ற முடிவு கிடைத்தது. அந்த வகை விளக்கம் உறவில் வலுவாக இருப்பவர்களுக்கே ஏற்றது, பலவீனமானவர்களால் தாங்க முடியாது என்றுதான் துறையில் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். சான்று எதிர்ப்பக்கம் விழுந்தது.

எல்லைநிலை ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் கடுமையாக ஊசலாடும் நிலை) உடையவர்களிடம் கென்னத் லெவியும் உடன் பணிபுரிந்தவர்களும் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. 90 பேர், மூன்று வகைச் சிகிச்சைகள், ஓராண்டுக் காலம். தன்னுடைய செயலையும் பிறருடைய செயலையும் அவற்றின் பின்னால் இருக்கும் மனநிலைகளைக் கொண்டு சிந்திக்கும் திறன், சிகிச்சை உறவையே மையமாகக் கொண்ட பிரிவில் மட்டும் கணிசமாக உயர்ந்தது. 2018-இல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மறுஆய்வு, தன்னறிதலுக்கும் சிகிச்சையின் விளைவுக்கும் இடையே 0.31 அளவிலான ஒட்டுறவைக் கண்டது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). இது நடுத்தர அளவு. புறக்கணிக்க முடியாதது, ஆனால் எல்லாவற்றையும் விளக்கிவிடுவதும் அல்ல.

நேர்மையாக எதிர்ச்சான்றையும் வைக்க வேண்டும். அமெரிக்காவின் மெனிங்கர் மனநல நிறுவனத்தில் 42 நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை ராபர்ட் வாலர்ஸ்டைன் 1986-இல் தொகுத்து வெளியிட்டார். விளக்கத்தைவிட ஆதரவையே பெரிதும் சார்ந்த சிகிச்சை பெற்றவர்களிலும் பலர், துறை எதிர்பார்த்ததைவிட ஆழமாகவும் நிலையாகவும் மாறியிருந்தார்கள். உள்முரண் தீராமலேயே, அதைப் பற்றிய புரிதல் இல்லாமலேயே, ஆளுமையின் அமைப்பில் மாற்றம் நிகழக்கூடும் என்பதை அந்த ஆய்வு ஒப்புக்கொள்ள வைத்தது. ஆகவே தன்னறிதல் ஒரு வழி, ஒரே வழியன்று.

தேடல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நெடுவழி அவர்களின் கேள்வி என்னைச் சில நாட்கள் தூங்கவிடவில்லை. சிகிச்சையாளர் விடுப்பு எடுக்கும்போதெல்லாம், அதற்கு அடுத்த அமர்வுகளில் நான் மிகவும் பயனுள்ள செய்திகளைப் பேசுகிறேன் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்த அமர்வுகளில் நான் அவர் முகத்தையே பார்ப்பதில்லை. இதை அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை; சொல்ல நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. இத்தனை ஆண்டு விளக்கத்தில் தொண்டை அடைத்ததே இல்லை.

மறுபக்கம் அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் தந்தைக் கதை உண்மையா என்ற கேள்வி முதலில் வலித்தது. பிறகு, அதை யாராலும் நிறுவ முடியாது என்று உணர்ந்தபோது ஒருவகை விடுதலையாகவும் இருந்தது. ஆனால் அப்படியானால் நான் எதைப் புரிந்துகொள்ள முயல்கிறேன்?

கரையோரம் எழுதியது:

தேடல் அவர்களின் கடைசிக் கேள்வியை ஒட்டி எழுதுகிறேன். நான், ஃப்ராய்டிடமிருந்து பிரிந்து தனிவழி கண்ட உளவியலாளர் யுங்கின் வழிச் சிகிச்சையில் பல காலம் இருந்தவள், சிகிச்சையாளர் அல்லள்.

யுங் 1929-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் சிகிச்சையை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: மறைத்ததைச் சொல்லுதல், அதன் பொருளைத் தெளிதல், வாழ்வுக்குப் பயிற்சி பெறுதல், உருமாறுதல். பொருள் தெளிவது இரண்டாம் கட்டம்தான் என்பதைக் கவனியுங்கள். தெளிவு கிடைத்துவிட்டது என்பதற்காகப் பழைய வளைவுகள் நிமிர்ந்துவிடுவதில்லை, அதற்குப் பயிற்சி வேண்டும் என்பதை அவர் மற்றோர் உளவியலாளரான ஆட்லரின் பணியோடு இணைத்துப் பேசினார். நான்காம் கட்டத்தில் சிகிச்சையாளரும் தப்ப முடியாது. இருவரில் ஒருவர் மட்டும் மாறுவது இயலாது என்பது யுங்கின் உறுதியான எண்ணம்.

எனக்கு உதவியது காரணத்தைத் தேடியது அல்ல. என் கனவுகளில் திரும்பத் திரும்ப ஒரு கொடிய பெண் வருவாள். அவளை என் தாயாகவும் ஆசிரியையாகவும் ஒவ்வொருமுறையும் அடையாளம் கண்டு மனநிறைவு அடைந்துவந்தேன். அவள் நானாக இருக்கலாம் என்ற எண்ணம் ஒருநாள் எழுந்தபோது, அது ஒரு கருத்தாக வரவில்லை, உடல் நடுங்கியது. நான் அன்பானவள் என்று கட்டி வைத்திருந்த உருவத்துக்குள் அந்தக் கொடுமைக்கு இடமே இல்லை. அதன் பிறகு பிறர் மீது எனக்கு இருந்த எரிச்சல் குறைந்தது என்று சொல்வதைவிட, எரிச்சல் வரும்போது அது யாருடையது என்று கேட்கத் தொடங்கினேன் என்று சொல்வதே சரி. தேடல் அவர்களே, நீங்கள் நெருக்கத்துக்குப் பின்னால் வரும் தண்டனைக்கு அஞ்சுவதாக எழுதினீர்கள். உங்கள் மௌனத்தில் காய்ந்துபோன அந்த நண்பர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், நாள்கணக்கில் பேசாமல் இருந்து தண்டிப்பவர் யார்?

மறுபக்கம் எழுதியது:

கரையோரம் அவர்களின் கடைசி வரி கூர்மையானது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அது தந்தையைப் பற்றிய எந்த ஊகத்தையும் சார்ந்திருக்கவில்லை என்பதையும் கவனிக்கிறேன். இன்று நடப்பது என்ன என்பதை மட்டுமே அது சுட்டுகிறது, அதைச் சரிபார்க்கவும் முடியும்.

நெடுவழி எழுதியது:

ஆம். தேடல் அவர்கள் எதைப் புரிந்துகொள்ள முயல்கிறோம் என்று கேட்டதற்கு இதுவே என் பதிலின் தொடக்கம். டொனால்ட் ஸ்பென்ஸ் 1982-இல், சிகிச்சையில் உருவாகும் கதையின் உண்மை வேறு, வரலாற்று உண்மை வேறு என்று பிரித்துக் காட்டினார். இன்று பல சிகிச்சையாளர்கள் முதலில் தேடுவது கடந்த காலத்தின் வரைபடத்தை அல்ல. ஒருவர் பிறரிடமிருந்து என்ன விரும்புகிறார், அவர்கள் என்ன செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறார், அந்த எதிர்பார்ப்புக்குத் தான் என்ன செய்கிறார் என்ற மூன்றையும் அவருடைய சொந்த நிகழ்ச்சிகளிலிருந்து எடுத்துப் பார்ப்பதற்கு லெஸ்டர் லுபோர்ஸ்கி 1970-களில் ஒரு முறையை வகுத்தார். நீங்கள் நெருக்கத்தை விரும்புகிறீர்கள், மற்றவர் தண்டிப்பார் என்று எதிர்பார்க்கிறீர்கள், விலகுகிறீர்கள். இது இந்த வாரமும் நடக்கிறது. இதற்கு முப்பது ஆண்டுக்கு முந்தைய சாட்சி தேவையில்லை. கடந்த காலம் தேவைப்படுவது வேறொன்றுக்காக: இந்த எதிர்பார்ப்பு பைத்தியக்காரத்தனமானதல்ல, அது ஒரு வீட்டில் முழுக்க நியாயமாக இருந்தது என்று உங்களிடமே நீங்கள் இரக்கம் கொள்வதற்காக.

இப்போது, தொண்டை அடைத்ததைப் பற்றி. அதை அவசரமாகப் பொருள்படுத்திவிடாதீர்கள். ஜோசப் வைஸ் என்பவர் 1950-களிலேயே ஒன்றைக் கவனித்தார்: திரைப்படத்தில் காதலர்கள் பிரியும்போது அழாத மனிதர்கள், அவர்கள் மீண்டும் சேரும்போது அழுகிறார்கள். துயரம் முன்பே இருந்தது. இனி ஆபத்தில்லை என்றபோதுதான் அது வெளியே வந்தது. பின்னாளில் அவரும் ஹரால்டு சாம்ப்சனும் சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்து, நோயாளி சிகிச்சையாளரைத் தன்னையறியாமல் சோதிக்கிறார், அந்தச் சோதனையில் சிகிச்சையாளர் பழைய தண்டனையாளரைப் போல நடக்காதபோது அதுவரை அடக்கப்பட்டிருந்தவை எந்த விளக்கமும் தரப்படாமலேயே மேலே வருகின்றன என்று காட்டினார்கள். எனவே, புரிதல் வந்தது, பிறகு மாற்றம் வந்தது என்ற ஒரே வரிசையில் இதை அடுக்க முடியாது. முதலில் ஒரு சிறு பாதுகாப்பு. அதனால் ஒரு சிறு புரிதல். அந்தப் புரிதலால் இன்னும் சற்று அதிகமாகத் துணிய முடிகிறது. வாலர்ஸ்டைன் கண்டதும் ஹோக்லெண்ட் கண்டதும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் நினைக்காததற்கு இதுவே காரணம்.

கால்கள் நிற்பதில்லை என்றீர்கள். அதைக் கேட்டு ஃப்ராய்டு வியந்திருக்க மாட்டார். 1914-இல் எழுதிய கட்டுரையில், மாற்றத்துக்கு எதிராக நோயாளிக்குள்ளேயே எழும் தடையை அவருக்குச் சுட்டிக்காட்டியவுடன் அது மறைந்துவிடும் என்று எதிர்பார்த்து ஏமாறும் இளம் சிகிச்சையாளர்களைப் பற்றி அவர் பேசுகிறார். அறிந்த தடையோடு நோயாளி நெடுங்காலம் பழக வேண்டும், அதன் ஊடாகவே உழன்று கடக்க வேண்டும், அந்த உழைப்பை அவசரப்படுத்த முடியாது என்பது அவருடைய முடிவு. 1926-இல் இதற்கு இன்னொரு காரணத்தையும் சேர்த்தார்: நோயாளி தடையைக் கைவிட முடிவுசெய்த பின்னும், பழைய பாதையில் திரும்பத் திரும்ப ஓடும் உந்துதலின் இழுப்பு எஞ்சியிருக்கிறது.

அந்த இழுப்புக்குள் ஒரு விசுவாசமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உளப்பகுப்பாய்வாளர் ஃபேர்பெர்ன் 1943-இல், மோசமாக நடத்தப்பட்ட குழந்தைகள் பெற்றோரைக் குறைசொல்லத் தயங்கி, கெடுதல் தம்மிடம்தான் இருக்கிறது என்று ஏற்றுக்கொள்வதைக் கவனித்தார். பெற்றோர் நல்லவராக இருந்தால், நான் திருந்தினால் அன்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையாவது மிஞ்சும். பழைய வழக்கத்தை விடுவது என்றால் அந்த நம்பிக்கையையும் விடுவது. அந்தத் தந்தையிடமிருந்து நிபந்தனையில்லாத அன்பு இனி வரப்போவதில்லை என்று துக்கப்படுவது. காரணத்தை அறிந்தவர்கள் பலர் மாறாமல் நிற்கும் இடம், நான் பார்த்தவரையில், இந்தத் துக்கத்தின் வாசல்.

இளவேனில் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சிகிச்சைக்குச் செல்லும் வாய்ப்பு இல்லாதவர்கள் தாங்களாகவே இதைச் செய்ய முடியுமா? நாட்குறிப்பு எழுதுவது உதவும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கோ எழுதினால் அதே எண்ணங்கள் சுற்றிச் சுற்றி வந்து மனம் இன்னும் கனத்துப்போகிறது.

அளவுகோல் எழுதியது:

இளவேனில் அவர்களுக்கு: நீங்கள் சொல்வதற்கு ஆய்வில் இடமுண்டு. ட்ராப்னெலும் கேம்பெலும் 1999-இல் தன்னைக் கவனிப்பதை இரண்டாகப் பிரித்து அளந்தார்கள். ஆர்வத்தால் தன்னை ஆராய்வது ஒன்று. பயத்தாலும் இழப்புணர்வாலும் தன்னையே அரைத்துக்கொண்டிருப்பது மற்றொன்று. இரண்டாவது வகை மனவேதனையோடு சேர்ந்தே நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதுதான் சிக்கல். ஜேம்ஸ் பென்னிபேக்கரின் எழுத்துச் சோதனைகள் 1986-இல் தொடங்கின. எழுதும் நாட்களின் ஊடே காரணத்தையும் புரிதலையும் குறிக்கும் சொற்கள் யாருடைய எழுத்தில் கூடிச்சென்றனவோ, அவர்களே அதிக நலம் பெற்றார்கள் என்று அவருடைய பின்னாளைய பகுப்பாய்வுகள் காட்டின. முதல் நாளே முடிந்த கதையோடு வந்தவர்களைவிட, எழுதும்போது கதை உருவாகியவர்களுக்கே பயன் அதிகம். உங்கள் எழுத்தில் நேற்று இல்லாத ஏதேனும் இன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சில நாட்கள் நிறுத்திவிடுவது நல்லது.

ஆனால் எல்லையும் உண்டு. கரென் ஹார்னி 1942-இல் தன்பகுப்பாய்வுக்காகவே ஒரு நூல் எழுதினார். அவர் அதைச் சாத்தியம் என்று நம்பினார். ஃப்ராய்டோ, தன்னையே பகுப்பாய்வு செய்துகொண்டிருந்த 1897-ஆம் ஆண்டில், மெய்யான தன்பகுப்பாய்வு இயலாது என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். தனியாகக் காணக்கூடியவை நிறைய இருக்கின்றன. தேடல் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருந்ததைப் போன்றவற்றை, எதிரில் ஒரு முகம் இல்லாமல் காண முடியாது.

தேடல் எழுதியது:

சென்ற அமர்வில் சொன்னேன். தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. நீங்கள் விடுப்பில் போகும்போது எனக்குக் கோபம் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, உடனே மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எதற்காக மன்னிப்பு என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நெடுநேரம் அமைதியாக இருந்தோம். அவர் என்னைத் தண்டிப்பதற்காகப் பேசாமல் இருக்கிறார் என்று எனக்குள் ஒரு நிச்சயம் எழுந்தது; நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. அன்றிரவு ஒரு நண்பருக்குப் பல வாரங்களாக எழுதாமல் வைத்திருந்த பதிலை எழுதினேன். அடுத்த வாரம் அமர்வுக்குப் போகக் கூடாது என்று மறுநாள் காலையிலிருந்து தோன்றிக்கொண்டே இருந்தது.

மறுபக்கம் எழுதியது:

உங்களுக்காக மகிழ்ச்சி அடைகிறேன். என் கேள்வியை இருந்தாலும் விடமாட்டேன்: இங்கே வேலை செய்தது புரிதலா, அல்லது பயந்ததைச் செய்து பார்த்தும் தண்டனை வரவில்லை என்ற புதிய அனுபவமா? அலெக்ஸாண்டரும் ஃப்ரெஞ்சும் 1946-இல் இதைத் திருத்தும் உணர்ச்சி அனுபவம் என்றார்கள். அனுபவமே போதுமானது என்றால் புரிதல் என்ற சொல் எதற்கு?

நெடுவழி எழுதியது:

நல்ல கேள்வி. அனுபவம் மட்டுமே போதும் என்றால், தேடல் அவர்களைத் தண்டிக்காத நண்பர்கள் இத்தனை பேர் வாழ்வில் வந்துபோனார்களே, அவர்களில் ஒருவர்கூட ஏன் அவரை மாற்றவில்லை? அவர்கள் தண்டிக்கவில்லை என்பதை அவர் பார்க்கும் முன்பே விலகிவிட்டார். நிமிர்ந்து பார்ப்பதற்கு, தான் குனிந்திருக்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும். புரிதலின் வேலை அங்கே இருக்கிறது. அது புதிய அனுபவம் உள்ளே நுழைய வழிவிடுகிறது. நுழைந்தது அடுத்த வாரமே தற்செயல் என்று தள்ளப்படாமல் நிற்கவும் வைக்கிறது.

மூளையிலும் இதற்கு இணையான ஒன்று இருக்கக்கூடும். 2000-ஆம் ஆண்டில் நாடெர், ஷாஃபி, லெடூ ஆகியோர் எலிகளிடம் நடத்திய சோதனையில், நிலைத்துவிட்ட அச்ச நினைவும் மீண்டும் எழுப்பப்படும்போது சிறிது நேரம் நெகிழ்ந்த நிலைக்கு வருகிறது என்று காட்டினார்கள். உளச்சிகிச்சையின் மாற்றமும் அவ்வாறே, பழைய நினைவு உணர்ச்சியோடு எழுந்திருக்கும் வேளையில் புதிய அனுபவம் அதனுள் கலப்பதால் நிகழலாம் என்று ரிச்சர்டு லேன் முதலியோர் 2015-இல் முன்வைத்தார்கள். எலியின் அச்சத்திலிருந்து மனிதனின் வாழ்க்கைக்குத் தாவுவது பெருந்தாவல் என்பதால், இதை ஒரு கருதுகோளாக மட்டுமே கொள்கிறேன்.

தேடல் அவர்களே, அடுத்த வாரம் போகத் தோன்றவில்லை என்றீர்கள். நெருங்கிய மறுநாள் விலகத் தோன்றுவது உங்கள் பழைய வழக்கமே. அது சிகிச்சை தவறிப்போனதன் அறிகுறி அல்ல. போய், போக விருப்பமில்லை என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மன்னிப்பு எதற்காக என்று அவர் கேட்ட கேள்வி இன்னும் பதிலில்லாமல் இருக்கிறது.

தேடல் எழுதியது:

போகிறேன். அந்த நண்பரிடமிருந்தும் பதில் வந்திருக்கிறது, இன்னும் திறக்கவில்லை.